ஓடாத மீட்டர்கள் இரண்டு

என் தம்பிக்கு வீட்டில் சேர்மன் என்று பெயர். எட்டு வயதில் அப்பாவின் பழைய கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் பெரிய ஆபீஸ் நடத்தப் போறேன்" என்று தெருவைச் சுற்றி வந்தவன். இப்போது ஐம்பத்திரண்டு வயதாகிறது. ஆபீஸ் வந்தபாடில்லை, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் டைல்ஸ் கடை வைத்தான், மூழ்கியது. அப்புறம் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மூன்று வேன் வாங்கி வாடகைக்கு விட்டான். கூட்டாளி ஒருநாள் மூன்று வேனையும் விற்றுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். இரண்டு தடவையும் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு தடவையும் நான் சொன்னதுதான் நடந்தது. அதை வாரம் ஒரு முறையாவது அவனுக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சேர்மன் ஒரு சனிக்கிழமை காலையில் ஃபைலும் கையுமாக வந்து நின்றான். கூடவே அவன் பெண்டாட்டி. அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ பெரிய வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, கோபப்படாம கேளு."

"அதைச் சொல்லும்போதே கோபம் வருதுடா. விஷயத்தைச் சொல்லு."

விஷயம் இதுதான். அவன் பதினைந்து வருடமாக வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. எண்பது லட்சம். வீட்டுக்குப் பத்தாயிரம் வீதம் மாதம் எண்பதாயிரம் வாடகை. வங்கி தானாகக் கொடுப்பது விலையில் நூற்றுக்கு எழுபது, அதாவது ஐம்பத்தாறு. இவனுடைய பன்னிரண்டையும் சேர்த்தால் இன்னும் பன்னிரண்டு லட்சம் துண்டு விழுகிறது. வேறு சொத்து ஒன்றை ஈடாக வைத்தால் அதையும் தருகிறோம் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள்.

"வேற சொத்துன்னா?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

அவன் கூரையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த வீடுதான் அந்த வேறு சொத்து. அப்பா எங்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனது. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாடகை வீட்டில் இருக்கிறான், கல்யாணமே பண்ணிக்கொள்ளாத நான் இங்கே இருக்கிறேன். ஒருநாள்கூட அவன் தன் பங்கைக் கேட்டதில்லை. நான் கையெழுத்துப் போடாமல் இந்த வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட அடகு வைக்க முடியாது. போட்ட பிறகு அவன் தவணை தவறினால், ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு நடுத்தெரு.

"அண்ணி, நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றாள் அவள். "ஆனா இவருக்கு இந்த வயசுல யார் வேலை குடுப்பாங்க? நாலு மாசமா தூங்கவே மாட்டேங்கறார். இதுவும் இல்லன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

அவன் கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டிருக்கும் சேர்மனை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"கையெழுத்து அப்புறம். முதல்ல கட்டடத்தைப் பார்க்கறேன்," என்றேன்.

கட்டடங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருவர் ஒரு சொத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்டால், அது உண்மையில் என்ன பெறும் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொடுக்கிறவள் நான். முப்பத்தோரு வருடம் ஆகிறது. சொந்தக்காரர்கள் விவகாரத்தில் நாங்கள் வங்கிக்கு எழுதிக்கொடுக்கக் கூடாது, அதற்கு வேறு ஆளை அனுப்புவார்கள். ஆனால் எனக்காக நான் பார்ப்பதை யார் தடுப்பது?

வாடகைக் கட்டடம் என்றால் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மாடிப்படிக்கு அடியில் போய் மின்சார மீட்டர்களை வரிசையாகக் குறித்துக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்குப் போய் மறுபடியும் குறிப்பேன். விற்கிறவர்கள் காலி வீட்டுக்கும் ஒப்பந்தம் எழுதி, ஆள் இருப்பதாகக் காட்டுவார்கள், பால்கனியில் நாலு துணியைக்கூடக் காயப் போட்டுவைப்பார்கள். மீட்டரை ஓடவைக்க யாருக்கும் தோன்றாது.

திங்கட்கிழமை போய்க் குறித்தேன். கட்டடம் இருபத்தாறு வருடப் பழசு. சொல்ல மனமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. படிகள் எல்லாம் ஒரே உயரம். தண்ணீர்க் குழாய்கள் வெளியே தெரியும்படி போட்டிருந்தார்கள், பழுதானால் சுவரை உடைக்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், தேங்காமல் நேராக வடிகாலுக்கு ஓடியது. கட்டியவர் ஒரு மேஸ்திரி. தன் கையால் கல் வைத்துத் தனக்காகக் கட்டிக்கொண்டது. முதல் தளத்தில் ஒரு வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள், மகளோடு போய் இருக்கப் போவதாலும் முழங்கால் வலியாலும் விற்கிறார்கள். கட்டடம் கைமாறுகிற அன்றே அந்த வீட்டுக்குக் குடிவர ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார், அதனால் எட்டு வாடகை என்ற கணக்கு சரிதான்.

அந்த வாரத்துக்குள் வங்கியிலிருந்து ஒரு பையன் என் வீட்டை மதிப்பிட வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காபி தரட்டுமா என்றேன். "வேணாம் மேடம், மதிப்பீட்டுக்குப் போற இடத்துல சாப்பிடக் கூடாது," என்றான். அந்த விதியைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். சமையலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினான். அம்மா இருந்த அறைக்குள் போய் மூலையில் இருந்த ஈரக்கறையைப் படம் எடுத்தான். அளவு நாடாவின் ஒரு முனையை என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னான். கடைசியில் படிவத்தில் 'மீதமுள்ள ஆயுள்: பதினெட்டு ஆண்டுகள்' என்று எழுதினான்.

"யாருக்கு? வீட்டுக்கா, எனக்கா?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பில்லை, நான் போயிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனாலும் அவன் போன பிறகு அந்த ஈரக்கறைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். முப்பத்தோரு வருடமாக எத்தனை பேர் வீட்டில் இப்படித் தட்டிவிட்டு, எழுதிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன்!

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் மீட்டர்களுக்கு முன்னால் நின்றேன். ஆறு ஓடியிருந்தன. மூன்றாம் மாடியின் இரண்டு மீட்டரும் போன வாரம் காட்டிய அதே எண்ணில் நின்றன. 'மாட்டிக்கிட்டீரா மேஸ்திரி' என்று எனக்குள் ஒரு கறுவல். விறுவிறுவென்று மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். காலி வீடு, யார் திறக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது. ஊன்றுகோலோடு ஒரு ஆள். பெயிண்டர். வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஒன்றேகால் வருடமாகிறதாம். உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கரண்ட் பில் கட்டவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எதிர் வீட்டிலும் அதே கதைதான். அங்கே படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொண்டு ஒரு தையல்காரப் பெண், கையால் சுற்றும் பழைய மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டுக்கே கட்ட முடியல, வாடகை எப்படிக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க குடுத்துப் பதினாலு மாசமாச்சும்மா. மேஸ்திரியம்மா இருங்கன்னு சொன்னாங்க. தயவுசெஞ்சு மேஸ்திரி காதுல போட்டுடாதீங்க."

ஆனால் மேஸ்திரி எழுதிய வாடகை நோட்டின் நகல், சேர்மன் ஃபைலிலிருந்து எடுத்தது, என் பையில் இருந்தது. மூன்றாம் மாடி, இரண்டு வீடு, பதினாலு மாதமும் ஒன்றாம் தேதியே வரவு!

கீழே இறங்கும்போது படியிலேயே மேஸ்திரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நான் மூன்றாம் மாடிக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறார். என் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தக் கட்டடத்தில் வாடகை வசூலிப்பது அவர் வேலை. ஒன்றாம் தேதி பணத்தைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார், மேஸ்திரி எண்ணி நோட்டில் எழுதுவார். ஒரு மாதம் வாடகை தவறினாலும் மறுநாள் பூட்டு. அது மேஸ்திரியின் சட்டம். அதனால் இந்த அம்மாள் தன் பணத்தைப் போட்டு அந்த இருபதாயிரத்தை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார்.

"முதல் மாசம் அடுத்த மாசம் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். அப்படியே பழகிப்போச்சு. இனிமே என்கிட்ட போட ஒண்ணும் இல்லம்மா. அதான் வித்துடலாம்னு நானே அவரை நச்சரிச்சேன்."

"அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா? பொய் வாடகையைக் காட்டி அவன் தலையில கட்டப் பார்த்தீங்களே!"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது. விற்கிற விலையை வாடகையை வைத்துத்தான் போடுவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. கட்டடத்துக்குக் கல், மண், கம்பியை வைத்து விலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மனக்கணக்குப் போட்டேன். லட்சத்துக்கு மாதம் ஆயிரம் தவணை என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. அறுபத்தெட்டு லட்சம் கடனுக்கு மாதம் அறுபத்தெட்டாயிரம். கையில் வரப்போவதோ ஆறு வீட்டு வாடகை, அறுபதாயிரம். மாதாமாதம் எட்டாயிரம் பள்ளம். ஒரு வருடம் தாங்கினால் பெரிது. அப்புறம் கட்டடமும் போய், என் வீடும் போய், சேர்மனும் போய்விடுவான்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று அந்த அம்மாள் அழுதார். "பணம் போனதுக்குத் திட்டினா வாங்கிக்குவேன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்து ஏமாத்திட்டேன்னு நெனப்பாரு. அதைத் தாங்க மாட்டேன். வேற எதையாவது சொல்லி விலையைக் குறைங்கம்மா."

சரி என்றேன். எந்தக் கட்டடத்திலும் பத்துக் குறை சொல்ல என்னால் முடியும். அது ஒரு வித்தையா?

புதன்கிழமை காலை மேஸ்திரி வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். சேர்மன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வாயில் நிற்காது. அஸ்திவாரம், கம்பித் துரு, வடிகால் என்று குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அத்தனையும் பொய்.

"பார்த்தீங்களாம்மா?" என்றார் மேஸ்திரி. "இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. பூச்சு நான் பண்ணினது. இருபத்தாறு வருஷத்துல ஒரு முடி அளவு விரிசல் காட்டுங்க, கட்டடத்தைச் சும்மாவே தர்றேன்."

சுவரை அவர் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்தேன். தாளைப் பிரித்தேன். முதல் வரியை வாசிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. என் அம்மா அறையில் நின்று படம் எடுத்த பையன் எழுதியது உண்மை, அதுவே எனக்கு அப்படி வலித்தது. நான் சொல்லப்போவது அத்தனையும் பொய். அதை இந்த மனுஷர் சாகிறவரை சுமப்பார். தாளை மடித்துப் பையில் போட்டேன்.

"கட்டடத்துல ஒரு குறையும் இல்ல மேஸ்திரி. நான் பார்த்ததுலயே நல்ல கட்டடம் இதுதான். ஆனா எண்பது குடுக்க முடியாது."

"குறை இல்ல, ஆனா குடுக்க முடியாது. இது என்ன பேச்சு?"

"காரணத்தைச் சொல்ற நிலைமையில நான் இல்ல."

"அக்கா!" சேர்மன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். "என்னக்கா பண்ற?"

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழு வீட்டு வாடகையும் நோட்டுல இருக்கு, எங்க வீட்டுக்கு முன்பணமும் வந்தாச்சு. ஒரு பைசா கூட்டி எழுதல. என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா? வேணாம்னா எழுந்து போங்க." நோட்டை மூடினார். சேர்மன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்தேன். வீடு தப்பித்தது, தம்பி தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

"உக்காருங்கம்மா," என்றார் மேஸ்திரியம்மா. பிறகு கணவரைப் பார்த்துத் திரும்பினார். "நோட்டுல இருக்கறது பொய்தாங்க. நீங்க பொய் எழுதல, நான் பொய் கொண்டுவந்து வச்சேன். மூணாவது மாடி ரெண்டு வீடும் வாடகை குடுத்துப் பதினாலு மாசமாச்சு. பெயிண்டர் விழுந்தாரு, அதே சமயம் எதிர் வீட்டுல அந்தப் பொண்ணோட அம்மாவும் படுத்துட்டாங்க. நான்தான் போட்டுட்டு வந்தேன்."

"நீ போட்டியா? உனக்கு ஏது பணம்?"

அந்த அம்மாளின் கை மட்டும் கழுத்துக்குப் போனது. மேஸ்திரி பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கழுத்தில் ஒன்றுமில்லை. கையில் இரண்டு கண்ணாடி வளையல்.

"உன் ரெட்டை வடச் சங்கிலி எங்க?"

"அது போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. அப்புறம் வளையல்."

மேஸ்திரி நோட்டை மறுபடியும் திறந்தார். "பதினாலு மாசமா," என்றார். முடி அளவு விரிசலுக்குச் சவால் விட்ட மனுஷர், எதிரில் உட்கார்ந்து தினமும் சோறு போட்டவளின் வெறுங்கழுத்தைப் பார்க்கவே இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தோள் இரண்டும் சரிந்துவிட்டன.

சேர்மன்தான் முதலில் எழுந்தான். "அக்கா, வா. வெளியில நிக்கலாம்," என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். மாடிப்படியில் நின்றோம். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது, அந்த எண்பது லட்சம் எப்பேர்ப்பட்ட பள்ளம் என்பதும். ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. "அந்தம்மாவை ரொம்பத் திட்டிடுவாரோ?" என்று மட்டும் கேட்டான்.

திட்டவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்த மேஸ்திரி முகம் கழுவியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன.

"ஆறு வீடு வாடகை தர்ற கட்டடத்தை எட்டு வீட்டு விலைக்கு விக்க மாட்டேன். நீங்களே விலையைச் சொல்லுங்கம்மா."

அறுபது என்றேன். அறுபத்தெட்டு என்றார். பழக்க தோஷம், இரண்டு பேரும் சண்டை போட்டு அறுபத்துநாலில் நின்றோம். வங்கி நாற்பத்தைந்து தரும், சேர்மனிடம் பன்னிரண்டு, ஏழு துண்டு விழுந்தது.

"அதுக்கு என் வீட்டை ஈடு வைக்கறேன்," என்றேன். ஏழுக்கு அந்த வீடு தாங்கும், தைரியமாகவே சொன்னேன்.

"வேணாம்," என்றார் மேஸ்திரி. "அந்த ஏழு எனக்கு வரவேண்டியதுதானே? மாசம் கொஞ்சமா ஏழு வருஷத்துல குடுங்க. ஒரே ஒரு பேச்சு. மேல இருக்கறவங்களை ஒரு வருஷத்துக்கு வெளியேத்தக் கூடாது."

"வெளியேத்த மாட்டேன் மேஸ்திரி," என்றான் சேர்மன் உடனே. "முதல் வேலையா ரெண்டு வீட்டுக் கரண்ட் பில்லையும் கட்டிடறேன்."

மனக்கணக்கு ஓடியது. வங்கிக்கு நாற்பத்தைந்தாயிரம், மேஸ்திரிக்கு எட்டாயிரத்துச் சொச்சம். போக, மாதம் ஆறாயிரம் மிச்சம். நிற்கும்.

மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு லட்சம், எனக்கு எந்தப் பிடியும் கிடையாது. இவரை எனக்குத் தெரியாது. கட்டடத்தை உள்ளது உள்ளபடி சொன்னீங்க. இவரையும் அப்படியே சொல்லுங்க. இவரை நம்பிக் குடுக்கலாமா?"

சேர்மன் என் பக்கம் திரும்பவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும் என்பது போல உட்கார்ந்திருந்தான். டைல்ஸ் கடை, வேன். நான் பாடிப் பாடி அவனுக்கு மனப்பாடமான பாட்டு.

"ரெண்டு தடவை தொழில் பண்ணி ரெண்டு தடவையும் தோத்தவன்," என்றேன். "ஆளை எடைபோடத் தெரியாது. வாய் ஜாஸ்தி. கணக்கு சுத்தமா வராது, அதை நான் பார்த்துக்கறேன். ஆனா வேனை வித்துட்டு ஓடினவனுக்கும் சேர்த்து, கடன் குடுத்த பதினோரு பேருக்கும் இவன் ஒருத்தனே ஒன்பது வருஷம் கட்டி முடிச்சான். கிடங்கு வேலை முடிஞ்சு ராத்திரி லாரிக்கு மூட்டை ஏத்தப் போவான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கான். கடைசி ஆளு என் வீட்டுக்கே வந்து சொல்லி அழுதுட்டுப் போனாரு. இவன் யாரோட ஒரு பைசாவையும் சாப்பிட்டதில்ல மேஸ்திரி. நம்பிக் குடுக்கலாம்."

மேஸ்திரி தலையாட்டினார். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

படி இறங்கித் தெருவுக்கு வந்தோம். ஏதாவது கேலி பண்ணுவான் என்று காத்திருந்தேன். முனையில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சுமா அக்கா இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாம இருந்த?"

அவன் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.